உதறாத மூட்டை

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று, கூப்பிட்ட பெயர் கருப்பி. கூப்பிட்டவர்கள் என்னவோ பாலில் குளித்தவர்கள் போல! அவளுடைய கல்யாணப் பேச்சு இரண்டு தடவை நிறத்தாலேயே முறிந்தது. மூன்றாவது தடவை வாய்த்த கணவர், கடல் தாண்டி இங்கே வந்த பிறகும் அதே பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்.

இங்கே அவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. அழுக்கு விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும். ஒருத்தி பிடிக்க இன்னொருத்தி உதற வேண்டும். ஊசி, மூக்குக்கண்ணாடி, பல்செட்டு என்று எதுவும் உள்ளே கிடக்கலாம் என்பதால் உதறாமல் எந்திரத்தில் போடக் கூடாது. துவைத்து உலர்ந்ததை மடிப்பதற்கும் இரண்டு பேர் வேண்டும்.

கருப்பிக்கு ஜோடி நெட்டை. வேறொரு கண்டத்திலிருந்து பிழைக்க வந்தவள், வாசல் நிலையில் தலை இடிக்கும் உயரம். இரண்டு பேருக்கும் இந்த ஊர்ப் பாஷை அரைகுறைதான், ஆனால் சிரிப்புக்குக் குறைச்சல் இல்லை. நெட்டை, கருப்பியிடமிருந்து 'அக்கா' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, மடித்த விரிப்பின் நுனியைக் கையில் சேர்க்கும்போதெல்லாம் "இந்தா அக்கா" என்பாள். ஒரு நாள் அவளை வீட்டுக்குக் கூட்டிப்போனதற்குக் கணவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"அந்தக் கருப்பியை எல்லாம் எதுக்கு வீட்டுக்குள்ள விடுறே?"

"எந்தக் கருப்பியைச் சொல்றீங்க? வீட்டுல ஏற்கெனவே ஒருத்தி இருக்கா" என்றாள் இவள்.

வினை ஒரு காலை நேரத்தில் வந்தது. நெட்டை தள்ளுவண்டி எடுக்கப் போயிருந்தாள். மூட்டைகள் குவிந்துகொண்டே இருந்தன. கருப்பி அவசரத்தில் ஒரு மூட்டையைத் தனியாகவே பிரித்து, உதறாமல் எந்திரத்தில் திணித்து ஓட விட்டாள்.

சற்று நேரத்தில் சூப்பர்வைசர் அம்மா வந்தார். அந்த மூட்டை வந்த வார்டில் ஒரு பெரியவரின் கல்யாண மோதிரத்தைக் காணோமாம். படுக்கையில்தான் கழற்றி வைத்தாராம். மோதிரம் எங்கே சுற்றிக்கொண்டிருக்கிறது என்று கருப்பிக்கு அப்போதே தெரிந்துபோயிற்று. அந்த எந்திரம் பாதியில் கதவு திறக்காது. உதறவில்லை என்று சொன்னால் வேலை போகும். வேலை போனால் விசாவும் போகும், பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் போகும். துவைத்து முடிந்ததும் தானே தேடி எடுத்து, கீழே கிடந்தது என்று கொடுத்துவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லையே என்று கணக்குப் போட்டாள்.

சூப்பர்வைசர் அவளைத் தனியே அழைத்தார்.

"அந்த மூட்டையைப் பிரிச்சது உன் கூட்டாளிதானே?"

கருப்பி எந்திரத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"நீ சொல்லவே வேணாம், எனக்குப் புரியுது. உங்க ஆளுங்க நம்பிக்கையானவங்க. கை சுத்தம். அவங்க அப்படி இல்ல."

அவள் நிறத்தைப் பார்த்து ஒருவர் நல்ல வார்த்தை சொன்னது பிறந்ததிலிருந்து இதுவே முதல் தடவை. உச்சி குளிர்ந்துவிட்டது. குளிர்ந்ததை நினைத்து அடுத்த நொடியே கூசிப்போனாள். இந்த வெள்ளைக்காரச் சூப்பர்வைசரின், பிழைக்க வந்த தாத்தாவையும் இந்த ஊர் ஒரு காலத்தில் வெள்ளை என்று ஒத்துக்கொள்ளவில்லையாம், வாடகைக்கு வீடுகூடத் தரவில்லையாம். டீ குடிக்கும்போது அவரே சொன்ன கதைதான். இப்போது யார் எந்த வரிசையில் நிற்பது என்று அவர் பங்கு போடுகிறார்! கருப்பிக்கு ஆத்திரம் வந்தது, ஆனால் வாய் மட்டும் வரவில்லை.

கண்ணாடிக் கதவுக்குள் துணி சுழன்றுகொண்டிருந்தது. முடிய இன்னும் நேரம் இருந்தது.

நெட்டை தள்ளுவண்டியோடு திரும்பியபோது காவலாளி வந்துவிட்டான். நெட்டை தன் சாமான் வைக்கும் பெட்டியைத் திறந்து, எல்லாரும் பார்க்க மேசையில் கொட்டினான். ஒரு சீப்பு, மாற்றுச் செருப்பு, பாதி சாப்பிட்ட ரொட்டி, கருப்பி கொடுத்த பூப்போட்ட கைக்குட்டை. நெட்டை எதையும் பார்க்கவில்லை, கருப்பியைத்தான் பார்த்தாள். "போலீசைக் கூப்பிடுங்க" என்றார் சூப்பர்வைசர். காவலாளி போனை எடுத்தான்.

"கூப்பிடாதீங்க!" கருப்பியின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "அந்த மூட்டையைப் பிரிச்சது நான். அவ அப்போ இங்க இல்லவே இல்ல. நான்தான் உதறாம போட்டேன். மோதிரம் எந்திரத்துக்குள்ள இருக்கும்."

சூப்பர்வைசர் உதட்டைச் சுழித்தார்.

"ரெண்டும் கூட்டுதானா? எனக்கு அப்பவே தெரியும். நீங்க எல்லாருமே ஒண்ணுதான்."

நம்பிக்கையானவங்க என்ற பட்டம் ஒரு காலைப்பொழுதுகூடத் தாங்கவில்லை. கருப்பியின் பெட்டியும் மேசையில் கொட்டப்பட்டது.

எந்திரம் நின்றதும் மெக்கானிக் கதவோரத்து ரப்பர் மடிப்பில் விரலை விட்டு மோதிரத்தை எடுத்தான். சூப்பர்வைசர் அதைத் துடைத்து வாங்கிக்கொண்டு, "உன்னைப் பத்தி மேல பேசிட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் வேலையைப் பாரு" என்று கருப்பியிடம் சொல்லிவிட்டுப் போனார். நெட்டையிடம் மன்னிப்பு என்ற வார்த்தையை யாரும் சொல்லவில்லை. கொட்டிய சாமான்களை அவளே பொறுக்கிக்கொண்டாள். கைக்குட்டையை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

மடிக்க வேண்டிய விரிப்புகள் குவிந்து கிடந்தன. இருவரும் எதிரெதிரே நின்று ஒன்றைப் பிடித்தார்கள்.

"எந்திரம் ஓடிட்டு இருக்கும்போதே உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் நெட்டை.

"தெரியும்."

"என் பெட்டியைக் கொட்டும்போதும்?"

"தெரியும். பயந்துட்டேன். என்னை மன்னிச்சிடு" என்றாள் கருப்பி. கண்ணில் நீர் முட்டியது.

நெட்டை நீளவாக்கில் விரிப்பை இழுத்துச் சுருக்கம் எடுத்தாள். "உன் வேலை போச்சுன்னா எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கும். நானா இருந்தா எப்போ வாயைத் திறந்திருப்பேன்னு எனக்கே தெரியல. அதனால உன்னைத் திட்ட மாட்டேன்."

இரண்டு எட்டு முன்னால் வந்து, மடித்த நுனியைக் கருப்பியின் கையில் வைத்தாள்.

"இந்தா" என்றாள்.

கருப்பி வழக்கமாகக் கூடவே வரும் சொல்லுக்காகக் காத்திருந்தாள். நெட்டை குனிந்து அடுத்த விரிப்பை எடுத்தாள்.