சிவப்புச் சரிவின் பாதைக்காரி

லுட்வினா இம்போடன் எங்கள் ஊரான ரீடனின் பாதைக்காரி. ஊராட்சி அவருக்குக் கொடுத்திருந்த பதவியின் பெயர் நீளமானது, அதை யாரும் சொல்வதில்லை. ரீடனிலிருந்து கிளம்பும் மலைப்பாதைகள் அத்தனையையும் இருபத்தாறு வருடங்களாக அவர்தான் பார்த்துக்கொண்டார். பனி உருகியதும் வாளும் மண்வெட்டியும் பெயின்ட் டப்பாக்களுமாக மேலே போவார். விழுந்து கிடக்கும் மரத்தை அறுப்பார், தண்ணீர் அடித்துக்கொண்டுபோன படிகளை மறுபடி கட்டுவார், பாறைகளில் வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று குறி தீட்டுவார். நடை நேரம் எழுதிய மஞ்சள் கைகாட்டிகளைத் துணியால் துடைப்பார். கைகாட்டியில் இரண்டு மணி பத்து நிமிடம் என்று இருந்த இடத்துக்குத் தனக்கு மூன்றரை மணி நேரம் ஆனது என்று சூரிச்சிலிருந்து ஒருவர் புகார்க் கடிதம் எழுதியபோது, லுட்வினா ஒரே வரியில் பதில் அனுப்பினார்: "பாதை சரியாக இருக்கிறது, காலைச் சரிபார்க்கவும்." அந்தக் கடிதத்தின் நகல் ஊராட்சி அலுவலகச் சுவரில் ரொம்ப நாள் ஒட்டியிருந்தது.

அவருக்கு ஐம்பத்தேழு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எல்லாப் பாதையும் தனக்கு ஒன்றுதான் என்று சொல்வார், அது உண்மையில்லை. ஓபர்ஸ்டாஃபல் மேய்ச்சல் மேட்டுக்குப் போகும் பாதைதான் அவருடைய பாதை. அது நடுவில் நானூறு மீட்டர் தூரம், சிவப்புச் சரிவு என்று நாங்கள் சொல்லும் கற்சரிவைக் குறுக்கே வெட்டிப் போகிறது. ஒவ்வொரு ஜூன் இருபதாம் தேதியும் அவருடைய அண்ணன் தியோடுலின் பதினாறு கறுப்புப் பசுக்கள் அந்தப் பாதையில்தான் மேலே போகும். மூன்று மாதம் தியோடுல் அங்கேயே தங்கிப் பால் கறந்து சீஸ் செய்வார். மேட்டுக்குப் போக வேறு வழி கிடையாது.

ஏழு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அந்த ஏப்ரலில் நான் வீடு திரும்பியிருந்தேன். பக்கத்து வீட்டு லுட்வினா அத்தைக்கு வலது தோள் சரியில்லை. எனக்கோ ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. அதனால் டப்பாக்களைச் சுமந்துகொண்டு அவருடன் போக ஆரம்பித்தேன்.

சிவப்புச் சரிவில் அவர் செய்த வேலை எனக்கு அப்போது விசேஷமாகத் தெரியவில்லை. ஒரு குறியின் அருகில் நின்றால் அடுத்த குறி கண்ணில் படவேண்டும், குறிகள் நேர்கோட்டில் இருக்கவேண்டும் என்பது விதி. பனிக்காலத்தில் சில கற்கள் இடம் மாறிவிடும். கீழே இறங்கிவிட்ட கல்லின் குறியைப் பாறை நிறச் சாம்பல் பெயின்டால் மறைத்துவிட்டு, கோட்டுக்கு நேராக உள்ள வேறொரு கல்லில் புதுக் குறி தீட்டுவார்.

"தப்பான குறி ஒண்ணு இருந்தாப் போதும்," என்றார் லுட்வினா. "எவனாவது அதைப் பாத்து எறங்குவான். அப்புறம் ஹெலிகாப்டர், அப்புறம் பேப்பர்ல ஊர் பேரு."

"ஒவ்வொரு வருஷமும் இத்தனை கல்லா எறங்கும் அத்தை?"

"மலைன்னா எறங்கத்தான் செய்யும்டி. ஏறவா செய்யும்?"

மே மாதம் முதல் திங்களன்று மாநில அலுவலகத்திலிருந்து மிரியம் என்ற பாறை நிபுணர் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. இரண்டு வருடத்துக்கு முன் அவர் சிவப்புச் சரிவில் இரும்பு முளைகள் அடித்து அளக்க ஆரம்பித்திருந்தார். சரிவு மொத்தமாகக் கீழே நகர்கிறது என்று அவர் சொன்னதும் லுட்வினா தோளைக் குலுக்கினார். எங்கள் மலைகளில் நகராத சரிவு எது?

"நகர்றது பிரச்சனை இல்லைங்க," என்றார் மிரியம். "ஒரே வேகத்துல நகர்ந்தா முந்நூறு வருஷம்கூட அப்படியே நகரும். கண்காணிச்சுக்கிட்டுப் பாதையைத் திறந்து வைக்கலாம். வேகம் கூடிக்கிட்டே போனாத்தான் ஒருநாள் மொத்தமா விழும். என்கிட்ட ரெண்டு வருஷக் கணக்குதான் இருக்கு, அதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியல. உங்க பழைய குறிகள் எங்க இருக்கு? பத்து வருஷத்துக் குறி கிடைச்சாப் போதும்."

"பழைய குறியெல்லாம் நான் விட்டு வைக்கிறதில்ல," என்றார் லுட்வினா, கொஞ்சம் பெருமையாகவே. "சாம்பல் அடிச்சு மறைச்சிடுவேன்."

"எந்தெந்தக் கல்லுன்னு ஞாபகம் இருக்குமா?"

 யோசிக்கவேண்டும், வியாழக்கிழமை வாருங்கள் என்றார் லுட்வினா.

புதன்கிழமை மதியம் தியோடுல் தங்கையின் அடுப்படி மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். நானும் அங்கேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் ரை தானிய ரொட்டியையும் உலர்ந்த இறைச்சியையும் தன் சொந்தக் கத்தியால் மெல்லியதாகச் சீவி, சீவினதை எனக்கும் தள்ளி வைத்தார்.

"அந்தப் பொண்ணு நாளைக்கு வருதாமே?"

"ஒன்பது மணிக்கு."

"ஞாபகம் இல்லன்னு சொல்லிடு லூடி."

"எனக்கா? உன் பசு ஒவ்வொண்ணோட கொள்ளுப்பாட்டி பேரையும் ஒப்பிக்கிறவ நான்னு ஊருக்கே தெரியும்."

"வயசாயிடுச்சுன்னு சொல்லு. உன் மூஞ்சியப் பாத்தா நம்பிடுவாங்க."

"உன்னைப் பக்கத்துல நிக்க வச்சா என்னைச் சின்னப்பொண்ணுன்னு நெனைப்பாங்கண்ணே."

தியோடுல் சத்தமாகச் சிரித்தார். பிறகு கத்தியை மடித்து மேஜையில் வைத்தார். "பாதைய மூடிட்டா நான் எங்க போவேன்? நீயே சொல்லு. கீழ எனக்குப் புல்லு இல்ல. அறுபத்திரண்டு வயசுல அடுத்தவன் மேட்டுக்குப் போய்க் கூலிக்குப் பால் கறக்கவா?"

"வேகம் கூடலன்னா மூட மாட்டாங்க."

"கூடலையா?"

லுட்வினா பாத்திரங்களை எடுத்துக் கழுவ ஆரம்பித்தார். அவருக்குத் தெரியும் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு வசந்தத்திலும் எத்தனை கல்லை மறைத்தார், புதுக் கல் எவ்வளவு மேலே என்பது அவர் கைக்குத் தெரிந்திருந்தது. அதைக் கூட்டிப் பார்க்க மட்டும் அவர் மறுத்துவந்தார்.

வியாழக்கிழமை மிரியமும் லுட்வினாவும் நானும் மேலே போனோம். சரிவின் நடுவில் லுட்வினா நின்றார். மிரியம் குறிப்பேட்டைத் திறந்தார்.  அங்கிருந்து பார்த்தால் கீழே ஊரும் தியோடுலின் தொழுவக் கூரையும் தெரியும்.

"அந்தத் தட்டைக் கல்லு," என்று லுட்வினா கை நீட்டினார். "அது போன வருஷத்துது."

நான் தின்னரில் துணியை நனைத்துத் தேய்த்தேன். சாம்பல் உரிந்து சிவப்பு வந்தது. புதுக் குறியிலிருந்து இரண்டரை மீட்டர் கீழே.

"அதோ, அந்த மூக்கு மாதிரி இருக்கிறது, அதுக்கு முந்தின வருஷம். அப்பதான் மாதா கோயில் மணியை மாத்தினாங்க. அதுக்குக் கீழ, அந்தப் பாசி பிடிச்சது, எனக்கு முட்டி ஆபரேஷன் நடந்த வருஷம். ஊன்றுகோலோட வந்து அடிச்சேன்." அவர் கையைக் காட்டிக்கொண்டே இறங்கினார். ஒரு கல்லிலும் தடுமாறவில்லை. பதினோரு வருடத்துக் குறிகள் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சிவந்து தெரிந்தன. கீழே இருந்த பழைய குறிகளுக்கு இடையில் ஒரு சாண். மேலே வர வர ஒரு முழம், ஓர் ஆள் நீளம், அதற்கும் மேல். கணக்குத் தெரியாதவருக்குக்கூட அதைப் பார்த்தாலே போதும், வேகம் கூடுவது புரியும்.

மிரியம் அளந்து முடித்துவிட்டு ரொம்ப நேரம் எழுதினார். "இதை எட்டு வருஷத்துக்கு முன்னாடி யாராவது பாத்திருந்தா..." என்று தொடங்கி நிறுத்தினார்.

"முடிங்க. பாதியில விடாதீங்க," என்றார் லுட்வினா.

"அப்போ எதிர்க் காட்டுப் பக்கம் ஒரு ரோடு போடத் திட்டம் இருந்ததாமே. ஓபர்ஸ்டாஃபல் வரைக்கும்."

இருந்தது. ஊர்க்கூட்டத்தில் அந்தத் திட்டம் வந்தபோது, ரோடு எதற்கு, பாதை கோடு போட்ட மாதிரி இருக்கிறதே என்று எழுந்து பேசியது லுட்வினாதான். கைகள் அவர் பக்கமே உயர்ந்தன. நான்கு வருடம் முன்பு வந்த வெள்ளத்தில் எதிர்க் காட்டுப் பக்கம் அடியோடு அறுத்துக்கொண்டு போய்விட்டது. இனி அங்கே யாராலும் எதுவும் போட முடியாது.

 லுட்வினா கந்தல் துணியைப் பிழிந்து டப்பாவை மூடினார். இறங்கும் வழியில் பாதையில் கிடந்த ஒரு கிளையைப் பழக்கத்தில் எடுத்து ஓரமாகப் போட்டார்.

ஜூன் முதல் வாரம் பள்ளிக்கூட மண்டபத்தில் ஊர்க்கூட்டம். எங்கள் ஊரில் ரகசிய ஓட்டு கிடையாது. எல்லோர் கண்ணுக்கும் முன்னால் கையைத் தூக்கவேண்டும். ஊராட்சித் தலைவர் கமில் அறிக்கையை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பாதைய மூடச் சொல்றாங்க. ஊர் முடிவு பண்ணணும்."

"பதினாறு பசுவையும் ஹெலிகாப்டர்ல தூக்கிட்டுப் போவீங்களா தலைவரே?" என்று பின்வரிசையிலிருந்து தியோடுல் கேட்டார். சிரிப்பு எழுந்தது.

"அதுல முதல்ல உன்னை ஏத்தணும், உன் கனத்துக்கு ஹெலிகாப்டர் கெளம்பாது," என்றார் கமில். அவருக்கும் சங்கடம்தான், சின்ன வயதிலிருந்து இருவரும் சேர்ந்து சீட்டு ஆடுகிறவர்கள். "தியோடுல், விழுந்துச்சுன்னா நீ அடியில இருப்ப."

"அது என் பாடு. எங்கப்பா அந்தப் பாதையிலதான் போனார், அவர் அப்பா அதுலதான் போனார். அந்தப் பொண்ணு ரெண்டு வருஷம் முளை அடிச்சிட்டு எனக்கு மலைய சொல்லித் தருதா?"

"ரெண்டு வருஷம் இல்ல, பதினொண்ணு," என்றார் லுட்வினா. அன்று அவர் பேசியது அவ்வளவுதான்.

திறந்து வைக்க விரும்புகிறவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். முப்பத்தெட்டு. மூட விரும்புகிறவர்கள் என்றதும் கைகள் மெதுவாகவும் கூச்சத்தோடும் உயர்ந்தன. லுட்வினா முதல் வரிசையில் இருந்தார். வலது தோளைத் தூக்க முடியாததால் இடது கையைத் தூக்கினார். நாற்பத்து மூன்று. தியோடுல் எண்ணிக்கை முடியும்வரை தங்கையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

ஜூன் இருபதாம் தேதி காலை பசுக்கள் தொழுவத்தின் மேல்வாசலில் வந்து நின்றுகொண்டன. தேதி அவற்றுக்குத் தெரியாது, புல்லின் வாசம் தெரியும். தியோடுல் அவற்றைக் கீழ்வாசல் வழியாக லாரியில் ஏற்றினார். பன்னிரண்டு விற்பனைக்கு, நான்கு மச்சினன் வீட்டுக்கு. லுட்வினா உதவ வந்தார். "நீ போ," என்றார் தியோடுல். குரலை உயர்த்தவில்லை.

பாதையின் தொடக்கத்தில் மரத் தடுப்பு வைத்தார்கள். அறிவிப்புப் பலகையை மீறிப் போகிறவர்களைத் திருப்பி அனுப்பும் வேலை அந்தக் கோடை முழுவதும் லுட்வினாவுக்கு. பகலெல்லாம் தடுப்பருகே ஒரு கல்லில் உட்கார்ந்திருப்பார். "எப்போ திறப்பீங்க?" என்று வருகிறவர்கள் கேட்பார்கள். "திறக்க மாட்டோம்" என்பார். "அப்போ சுத்தி வேற வழி?" "இல்லை." நாளுக்கு நாற்பது முறை இதே பதில். முன்பெல்லாம் போல் யாரிடமும் வாயாடவில்லை.

சரிவு விழவில்லை. ஜூலை மழையில் விழும் என்றார்கள், விழவில்லை. ஆகஸ்டில் மூன்று நாள் அடைமழை, அதற்கும் விழவில்லை. இந்நேரம் பசுக்கள் மேலே மேய்ந்து கொழுத்திருக்கும் என்று பால் பண்ணையில் பேச ஆரம்பித்தார்கள். மிரியம் வந்து அளந்துவிட்டு வேகம் இன்னும் கூடியிருக்கிறது என்றார். யாரும் காதில் வாங்கவில்லை. கண்ணுக்கு முன்னால் மலை அப்படியே நின்றது.

செப்டம்பர் நடுவில் தியோடுல் தடுப்பருகே வந்தார். ஜூனுக்குப் பிறகு அவர் தங்கையிடம் பேசியது அன்றுதான். நான் லுட்வினாவுக்குச் சூப் கொண்டுபோயிருந்தேன்.

"சீஸ் காய்ச்சுற செப்புக் கொப்பரை மேலேயே கெடக்கு," என்றார். "போன வருஷம் கவுத்து வச்சது. எடுத்துட்டு வந்துடறேன். ஆறு மணி நேரம்."

"வேண்டாண்ணே."

"தாத்தா காலத்துக் கொப்பரை லூடி."

"தெரியும். வேண்டாம்."

"இத்தனை நாள் விழாதது இந்த ஆறு மணி நேரத்துலயா விழப்போவுது?"

லுட்வினா எழுந்து தடுப்பின் நடுவில் நின்றார். தியோடுல் நினைத்திருந்தால் ஒரு கையால் அவரை விலக்கிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. கொஞ்ச நேரம் பாதையைப் பார்த்தார், பிறகு தங்கையைப் பார்த்தார்.

"நீ பொய் சொல்லியிருக்கலாம்," என்றார். "ஒரே ஒரு பொய்." திரும்பி இறங்கிப் போனார். அந்த மாதக் கடைசியில் அவர் மச்சினன் ஊருக்கே குடிபோய்விட்டார்.

அக்டோபரில் முதல் பனி விழுந்ததும் தடுப்பில் ஆள் தேவைப்படவில்லை. லுட்வினா வேலையிலிருந்து விலகுவதாகக் கமிலிடம் கடிதம் கொடுத்தார். தோள் வலி என்று காரணம் எழுதியிருந்தார். நான் மறுபடி கிளம்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு காலை பால் வாங்கப் போகும்போது, அவர் வீட்டு வாசலில் நின்று சிவப்புச் சரிவை அண்ணாந்து பார்ப்பதைக் கண்டேன்.

"என்ன பாக்குறீங்க அத்தை?"

"எழுந்ததும் இதைத்தான் பாக்குறேன். விழுந்துச்சான்னு."

"விழாம இருந்தா நல்லதுதானே?"

"விழணும்னு பாக்குறேன்டி," என்றார். சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.