அம்மா விட்ட இடைவெளி

என் அம்மா சந்தனமேரி ஆவூரில் முப்பத்தோரு ஆண்டுகள் சத்துணவுக்கூடத்தில் சமைத்தார். கடந்த மார்ச்சில் இறந்தார். வயது அறுபத்தெட்டு.

அப்பா அடைக்கலம் உயிரோடு இருந்தவரை மாலை ஏழு மணிக்கு வீட்டில் செபம் நடக்கும். முடிவில் ஒரே பாட்டு. கோழி தன் குஞ்சுகளை மூடிக்கொள்வதுபோல் கடவுள் நம்மை மூடிக் காக்கிறார் என்று போகும். எங்கள் கோயிலில் ஒருவர் ஒரு வரி பாட, மற்றவர்கள் அடுத்த வரியைப் பாடுவார்கள். வீட்டிலும் அதே முறை. முதல் வரி அம்மா, அடுத்த வரி அப்பா.

அப்பா இறந்தபின் அம்மா தனியாக இருந்தார். நான் கத்தாரில் ஓர் எரிவாயு ஆலையில் டெக்னீஷியன். தங்குவது கம்பெனி முகாமில். அம்மாவை அழைத்துக்கொள்ள வழியில்லை. தினமும் செப நேரத்தில் போன் செய்வேன். அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிட்டுப் பாடுவார். ஒரு வரி கேட்கும். பிறகு சத்தமே இருக்காது. மறுபடி ஒரு வரி.

"லைன் விட்டு விட்டு வருதும்மா."

"நல்லாத்தான்ப்பா இருக்கு. நீ வச்சிராத."

இணைப்புக் கோளாறு என்று முடிவு செய்தேன். மோடத்தை மாற்றினேன். போனை மாற்றினேன். அன்னவாசலிலிருந்து மெக்கானிக் பிரவீன்குமார் இரண்டு முறை போய்ப் பார்த்தார்.

"லைன்ல ஒரு குறையும் இல்ல சார். இன்னொரு தடவ என்னய அனுப்பாதீங்க, அம்மா சோறு போட்டே கொன்னுருவாங்க."

ஏழு மாதம் கழித்து விடுமுறையில் வந்து எதிரே உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. அம்மா ஒரு வரி பாடினார். நிறுத்தினார். இன்னொரு வரி பாடும் நேரம் சும்மா இருந்தார். பிறகு தொடர்ந்தார்.

"ரெண்டையும் நீயே பாட வேண்டியதுதானம்மா?"

"அது ஒங்கப்பா வரி. நானே கூப்பிட்டு நானே என்னன்னு கேட்டா, ஊரே சிரிக்கும்யா."

"தனியா பயமா இல்லையா?"

"பயமெல்லாம் இல்ல. ஆண்டவருதான் மூடி வச்சிருக்காருல்ல. என்ன, உள்ளுக்குள்ள பேச ஆளில்ல."

செபத்தை நான் விட்டுப் பல வருடம். அந்த விடுமுறை முழுதும் பாட வாய் வரவில்லை. கத்தார் திரும்பிய பிறகுதான் போனில் அப்பாவின் வரியைப் பாடினேன். குரல் ஒரு நொடி தாமதித்துப் போய்ச் சேரும். பாட்டு இழுபட்டது.

"ஒங்கப்பாகூட இம்புட்டு இழுக்க மாட்டாரு."

இரண்டு வருடம் அப்படித்தான் பாடினோம்.

மார்ச்சில் ஆலையை நிறுத்திப் பராமரிப்பு வேலை. செப நேரத்திலும் உள்ளேதான் இருக்க வேண்டும், போன் கொண்டுபோகக் கூடாது. அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். மூன்று மாலைகள் பேசவில்லை. நான்காம் நாள் காலை அம்மா எழுந்திருக்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாயிடம் கேட்டேன். அவர் எங்கள் கோயிலுக்கு வருபவர் அல்ல. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

"நான் பேசாத மூணு நாளும் அம்மா பாடுனாங்களா, சின்னம்மா?"

"பாடுச்சு தம்பி. ஒன் வரி வந்தா நிறுத்திரும். சும்மா ஒக்காந்திருக்கும்."

"மூணு நாளுமா?"

"ரெண்டு நாளு. மூணாம் நாளு எனக்கே மனசு கேக்கல. நீ போன்ல பாடுறதக் கேட்டுக் கேட்டுப் பாடமாயிருச்சுல்ல, இங்கிட்டிருந்தே பாடிட்டேன்."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"அடுத்த வரிய ஒடனே எடுத்துருச்சு. கடைசி வரைக்கும் பாடி முடிச்சோம்."