செல்லக்கண்ணு தட்டிப் பார்த்த வீடுகள்

ரப்பர் விலை ஏறிய அந்த வருஷங்களில் சிராங்கூன் சாலையின் வடபக்கம் மளமளவென்று வீடுகள் எழும்பின. கையில் காசு புரண்டவர்கள் தென்னந்தோப்புகளை வாங்கினார்கள், மரங்களைச் சாய்த்தார்கள், மழைக்கு முன்னால் கூரை போட்டுக் குடியும் வந்தார்கள். சாயம் காய்வதற்குள் கறையானும் குடிவந்தது. அப்போது அக்கம்பக்கத்தில் எல்லோரும் சொன்ன பேர் ஒன்றுதான்: செல்லக்கண்ணு.

அவள் செங்கல் சூளையில் மண் வெட்டியவள். புருஷன் மாரியப்பன் தேக்கா சந்தையிலிருந்து மாட்டுவண்டி ஓட்டினான். ஒரு மழைக்காலத்தில் அவளுடைய மரப்பெட்டியைக் கறையான் அரித்து, கல்யாணப் புடவையைத் தூளாக்கிவிட்டது. மற்ற பெண்கள் அழுதிருப்பார்கள். அவள் கடப்பாரையை எடுத்துக்கொண்டு, சூளையோரக் குடிசைச் சுவரில் கறையான் இழுத்திருந்த மண்கோட்டின் தடத்தைப் பிடித்தபடியே இரண்டு நாள் தோண்டினாள். சூளைக்குப் பின்னால், ஆள் உயர ஆழத்தில் புற்று இருந்தது. விரல் தடிமனில் வெளுத்துக் கிடந்த ராணிக் கறையானைச் சிரட்டையில் ஏந்திக்கொண்டு மேலே வந்தாள். அதைப் பார்த்த சூளை மேஸ்திரி தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். மேஸ்திரி சொல்லி இன்னொருவர் கூப்பிட்டார். இரண்டே வருஷத்தில் சூளை வேலையை விட்டுவிட்டாள்.

தூணை ஒரு கொம்பால் தட்டிவிட்டுக் காதை ஒட்டிவைத்துக் கேட்பாள். எந்த மரம் உள்ளே பொக்கையாகிவிட்டது என்று கேட்டே சொல்லிவிடுவாள். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அலமாரியை நகர்த்தித் தராத வீட்டுக்காரரிடம், "கறையானுக்குச் சோறு போடுறதா முடிவு பண்ணிட்டீங்க, என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்று கேட்டுவிட்டு வாசலிறங்கிவிடுவாள்.

அரசாங்க ஆபீசில் கிளார்க்காக இருந்த ஏரம்பமூர்த்தி, யாழ்ப்பாணத்திலிருந்து மனைவியை அழைத்துவந்து அந்தச் சாலையில் குடியேறியிருந்தார். செங்கல் கால்கள் மேல் நிற்கும் பலகைத் தள வீடு. ஆறே மாதத்தில் தளம் மெத்தென்று அமுங்கத் தொடங்கியது. ஆர்சனிக் பொடி வைக்கிற ஆள் ஒருவனை அவர் கூட்டிவந்தார். மனைவி பூரணம் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"பிள்ளை தவழுற வீடு. நஞ்சு வைக்க விடமாட்டன்."

அதனால்தான் செல்லக்கண்ணுவுக்கு ஆள் வந்தது. அவள் வந்தாள், தட்டினாள், மண்கோட்டைப் பிடித்துக்கொண்டே போனாள். வேலியோரத்தில் புற்று அகப்பட்டது. ராணியை எடுத்துக் காட்டி, "இனி கவலை இல்லம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டாவது மாதம் பிள்ளையின் தொட்டில் காலில் மண்கோடு ஏறியது.

"நீர் சொன்னது பொய்யாப் போச்சுது" என்றார் ஏரம்பமூர்த்தி. குரலை உயர்த்தவில்லை. அதுவே அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. வீட்டுக்குப் போனதும் மாரியப்பன், "இனி அந்தப் பக்கம் போகாத. நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க" என்றான்.

"தப்புச் சொன்னது நான். நான்தான் போகணும்."

மறுநாள் விடிந்ததும் போனாள். இந்தத் தடவை கடப்பாரையைத் தொடவில்லை. பக்கத்து நிலத்தில் ஆடு வளர்த்த யாக்கூப் பாயிடம் போய் நின்றாள்.

"பாய், இந்த வீடு கட்டுறதுக்கு முன்னால இங்க என்ன இருந்துச்சு?"

"தென்னைதான். மேல வெட்டினாங்க, அடித்தூரை அப்படியே விட்டுட்டாங்க. அதுக்கு மேலயே மண்ணைக் கொட்டி வீடும் கட்டியாச்சு."

செல்லக்கண்ணுவுக்கு விளங்கிவிட்டது. வேலியோரத்தில் அவள் எடுத்தது ஒரு புற்றுத்தான். உளுத்துப்போன தூர் ஒவ்வொன்றும் வீட்டுக்கு அடியில் ஒரு கறையான் ஊராக இருந்தது.

தளத்துக்கும் தரைக்கும் நடுவே இரண்டடி இடைவெளிகூட இல்லை. சேலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, விளக்கை முன்னால் தள்ளியபடி வயிற்றால் ஊர்ந்து உள்ளே போனாள். முழு மண்வெட்டியை அங்கே வீச முடியாது. பிடியை அறுத்துக் குட்டையாக்கிக்கொண்டாள். மூன்றாம் நாள் பூரான் கடித்துப் புறங்கை தேங்காய் மாதிரி வீங்கியது. பூரணம் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு, "போதும், விடு" என்று கெஞ்சினாள். மறுநாள் செல்லக்கண்ணு இடது கையால் வெட்டினாள். ஒன்பது நாளில் ஏழு தூர்கள் வெளியே வந்தன. முற்றத்தில் அவற்றைக் குவித்துத் தீ வைத்தபோது ஏரம்பமூர்த்தி ஆபீசுக்குப் போகாமல் பக்கத்திலேயே நின்றார். அடுத்த மழை முழுவதும் தினமும் காலையில் தூண்களைத் தாமே விரலால் தட்டிப் பார்த்தார். மண்கோடு எதுவும் ஏறவில்லை.

அத்தோடு அவள் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அதே சாலையில் காண்ட்ராக்டர் துரைசாமி வரிசையாக வீடு கட்டிக்கொண்டிருந்தார். அங்கேயும் தூர்கள் மண்ணுக்கு அடியில் போய்க்கொண்டிருந்தன. செல்லக்கண்ணு போய்ச் சொன்னாள். அவர் சிரித்தார்.

"வீடு கட்டுறது என் வேலை. நீ போய்ப் பூச்சி புடி."

கூலிகள் மண் கொட்ட வந்த தூரின் மேல் போய் உட்கார்ந்தாள். துரைசாமி கத்தினார். வெயில் உச்சிக்கு வந்தது. சேதி கேட்டுப் பூரணம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள். வீடு வாங்க முன்பணம் கொடுத்திருந்த இரண்டு குடும்பத்துப் பெண்களும் வந்துவிட்டார்கள்.

"தூரை எடுக்காத வீடு எங்களுக்கு வேண்டாம்" என்றாள் அவர்களில் மூத்தவள் ரத்தினம்மா.

துரைசாமி தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். பிறகு கூலிகளைப் பார்த்து, "கடப்பாரை எடுங்கடா" என்றார்.

அன்றிரவு மாரியப்பனுக்கு ஆற்றாமை தாங்கவில்லை. "வீடு கட்டும்போதே தூரை எடுத்துட்டா அப்புறம் உன்னை யாரு கூப்பிடுவா?"

"கூப்பிடாம இருந்தா நல்லதுதானே. ஒரு பிள்ளையோட தொட்டில் தப்பிச்சுதுன்னு நெனச்சுக்கோ."

கூப்பிடுவது நிற்கவில்லை. கூப்பிடுகிற நேரம்தான் மாறியது. அடுத்த வருஷம் அந்தப் பக்கம் பதினோரு வீடுகள் எழும்பின. அஸ்திவாரத்துக்கு நூல் பிடிப்பதற்கு முன்பே அவளுக்கு ஆள் வந்தது. முழங்கால் வரை சேறோடு, கையில் நீள இரும்புக் கம்பியோடு மனையின் மூலைமூலையாக நடப்பாள். கம்பியை ஊன்றி, கம்பி வழியாகக் கைக்கு வரும் அதிர்வைக் கவனிப்பாள். துரைசாமியின் ஆட்கள் தூரத்தில் மண்வெட்டியோடு காத்துக்கொண்டு நிற்பார்கள்.

"இன்னும் ரெண்டு இருக்கு" என்பாள். "இங்க ஒண்ணு. அந்தக் கிணத்தடியில ஒண்ணு. எடுத்துட்டுக் கூப்பிடுங்க, மறுபடி வந்து பார்க்கிறேன்."