கலவன் பிடுங்குகிறவள்

கீரைக் குடும்பத்தைப் போல ஆளை ஏமாற்றுகிற குடும்பம் வேறு இல்லை. நாம் விதைத்த தண்டுக்கீரை, யாரும் விதைக்காமல் முளைத்த குப்பைக்கீரை, இரண்டுக்கும் நடுவில் நல்ல பிள்ளைபோல் நிற்கும் முள்ளுக்கீரை. மூன்று வாரக் கன்றில் மூன்றுக்கும் ஒரே முகம். பூத்த பிறகு யார் வேண்டுமானாலும் பிரித்துவிடலாம். படித்தவர்கள் பூவையும் காயையும் பார்த்துத்தான் லத்தீனில் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் விதைக்காக வளர்க்கும் பாத்தியில் பூ வரும்வரை பொறுத்திருந்தால் காரியம் கெட்டது. காட்டுக்கீரையின் மகரந்தம் காற்றில் ஏறிவிடும். அதற்கு முன்னால் அந்நியனைக் கண்டுபிடித்து வேரோடு பிடுங்க வேண்டும். அந்த அந்நியனுக்குப் பண்ணையில் கலவன் என்று பெயர்.

பலாபத்வலையில் பெரிய ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் அந்த விதைப்பண்ணையில் பதினான்கு வருடமாகக் கலவன் பிடுங்குகிறவள் விஜிதா. உக்குவளைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள், எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். குப்பைக்கீரையை இலை நுனியில் இருக்கும் சின்னப் பள்ளத்தை வைத்துக் கண்ணாலேயே பிடித்துவிடுவாள். முள்ளுக்கீரைதான் கள்ளன். அதற்கு இலைக்காம்பு தண்டோடு சேரும் கக்கத்தில் இரண்டு முள் உண்டு. அந்த முள் கண்ணுக்குத் தெரிவதற்கு ஒரு வாரம் முந்தியே விரலுக்குத் தெரியும். கட்டைவிரலால் தண்டை மேல்நோக்கி வழித்தால் ஒரு சுருக். அந்தச் சுருக்கை நம்பித்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது. புருஷன் ஜெயக்காந்தன் மிளகு ஆய ஏணியில் ஏறி, விழுந்து, இடுப்பு ஒடிந்து, மூன்று வருடமாகப் பாயோடு கிடந்தான்.

பதினொரு மாதத்துக்கு முன்னால் அவளுடைய விரல்கள் செத்துப்போயின. சீனி வருத்தம், அதாவது சர்க்கரை நோய், வந்தால் அப்படித்தான் என்று கிளினிக்கில் சொன்னார்கள். கால் விரலில் தொடங்கி, ஒரு நாள் காலையில் கட்டைவிரலுக்கு வந்து சேர்ந்தது. பாத்தியில் குனிந்து தண்டை வழித்தாள். சுருக் இல்லை. இன்னொன்றை வழித்தாள். அதிலும் இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் எல்லாம் ஒரே பச்சை.

யாரிடம் சொல்வது? கண்ணில் பூ விழுந்தது என்று வாய் திறந்து சொன்ன ராசம்மாவை, "ரெண்டு மாசம் ரெஸ்ட் எடுங்க" என்று அன்பாக அனுப்பிவைத்த பண்ணை அது. ரெண்டு மாசம் முடிந்து நாலு வருடமாயிற்று.

கடைசியில் அவளுக்கு உதடு கைகொடுத்தது. யாரும் பார்க்காத நேரத்தில் குனிந்து, கன்றைப் பிடுங்காமலே சாய்த்து, தண்டைக் கீழுதட்டில் ஓட்டினாள். சுருக்! அந்த நிமிடம் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பாத்தித் தலைப்பில் பலகை எழுதி வைத்திருந்தார்கள்: மருந்து அடித்தது, வாயில் வைக்கக் கூடாது. பூச்சி மருந்தைத்தான் சொல்கிறார்கள். அவளுக்கு அது தெரியாமல் இல்லை. உதடு வெடித்துப் புண்ணானபோது வெயில் கொப்புளம் என்று பக்கத்துப் பெண்களிடம் சொல்லிச் சமாளித்தாள். ஆனால் பெண்கள் அருகருகே நிரையாக நின்று வேலை செய்த ஒரு வாரத்தில் உதட்டை நீட்ட வழியில்லாமல் போயிற்று. குத்துமதிப்பாகப் பிடுங்கினாள்.

அந்த வாரத்துப் பாத்தியின் விதையை வாங்கிய கலேவெல ஊர் விவசாயி ஒருவர், முள்ளும் தானுமாக ஒரு பை கீரையைக் கொண்டுவந்து ஆபீஸ் மேசையில் கொட்டினார். புதிதாக வந்திருந்த அதிகாரி ஜெஸ்லா மிஸ் யாரையும் திட்டவில்லை. கலவன் பிடுங்கும் ஐந்து பெண்களையும் கூப்பிட்டாள்.

"நான் ஒராள்ட மேலயும் பழி போடல்ல. ஆளுக்கு இருபது கண்டு தாறன். முள்ளு வேற, முள்ளில்லாதது வேற. எனக்கு முன்னால பிரிக்கணும். சரியாச் செய்ற ஆள் மட்டும் இனிப் பாத்திக்குள்ள எறங்கலாம்."

விஜிதாவின் முறை கடைசியில் வந்தது. வெள்ளைக் கடதாசி விரித்த மேசையில் இருபது கன்றுகள். எதிரே மிஸ், சுற்றிலும் நாலு பெண்கள். உதட்டுக்குக் கொண்டுபோக முடியாது. முதல் கன்றை எடுத்து வழித்தாள். கட்டையால் கட்டையைத் தடவியதுபோல் இருந்தது. "மாரியாத்தா!" என்று உள்ளுக்குள் கதறினாள். ஒரு சுருக்காவது வராதா என்று தண்டை இறுக்கிப் பிடித்து, பலம் கொண்டமட்டும் அழுத்தி இழுத்தாள்.

கட்டைவிரலில் கடுகளவுக்கு ஒரு சிவப்புப் பொட்டு.

விரல் சொல்லாததை ரத்தம் சொல்லிவிட்டது! அந்தக் கன்றை முள்ளுப் பக்கம் வைத்தாள். அடுத்ததற்கு ஆள்காட்டி விரலைக் கொடுத்தாள். அழுத்தி இழுத்தாள். ரத்தம் இல்லை, அப்பால் போ. அதே விரல், அடுத்த கன்று. பொட்டு வந்தது, இப்பால் வா. ரத்தம் வந்த விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு புது விரலை நீட்டினாள். இடது கைக்கு மாறினாள். முகத்தை மட்டும் சந்தைக்குப் போகிறவள்போல் வைத்துக்கொண்டாள். இருபதாவது கன்று முடிந்தபோது ஏழு முள்ளு, பதின்மூன்று முள்ளில்லாதது.

ஜெஸ்லா மிஸ் பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இரண்டு தடவை பார்த்தாள். பிறகு நிமிர்ந்து வாய் நிறையச் சிரித்தாள்.

"இருவதுக்கு இருவது! எனக்கே லென்ஸ் இல்லாமக் காணேலாது. என்ன கை விஜிதா இது!"

விஜிதாவுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. இந்தப் போகம் தப்பிவிட்டது, வீட்டில் கிடக்கிறவருக்கு மாத்திரை வாங்கிவிடலாம் என்று அந்த ஒரு நிமிடத்துக்குள் கணக்குப் போட்டே முடித்துவிட்டாள். அப்போதுதான் மிஸ் வெள்ளைக் கடதாசியைக் கையில் எடுத்தாள். அதில் அங்கங்கே சிவப்புத் தீற்றல். மேசையைச் சுற்றி வந்து விஜிதாவின் கைகளைப் பிடித்து விரித்தாள். ஏழு விரல்களில் ரத்தம்.

"யா அல்லாஹ்! நோவல்லியா விஜிதா?"

பாராட்டு வாங்கிய சந்தோஷம் இன்னும் வாயில் இருந்தது. அதே வாய் முந்திக்கொண்டது.

"இல்லைங்க மிஸ். கொஞ்சங்கூட வலிக்கல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. மிஸ் அந்த விரல்களை இன்னொரு தரம் பார்த்தாள். பிடித்த கையை அவள் விடவும் இல்லை.

"எத்தின மாசமா இப்பிடி?"

"மிஸ், நிப்பாட்டிராதீங்க மிஸ்." விஜிதா கைகளை இழுத்துக்கொண்டு கும்பிட்டாள். "வெரல் போனா என்னங்க, ஒதடு இருக்கு. ஒதட்டுல வச்சுப் பாத்து நான் கரெக்டாச் சொல்லிருவேன் மிஸ். இத்தன மாசமும் அப்புடித்தான் பாத்தேன்."

ஜெஸ்லா மிஸ் அப்போதுதான் வெடித்துப் புண்ணாகிக் கிடந்த அவளுடைய உதட்டைப் பார்த்தாள்.