லிஃப்டுக்கு முன்னால் படி

"திரு. சங்கரன், தரவு ஒருங்கிணைப்புத் துறை இயக்குநர். பெரிய அணிகளை வழிநடத்துபவர். நெருக்கடியில் துணிந்து முடிவெடுப்பதில் பெயர் பெற்றவர்" என்று நிறுவனத்தின் இணையதளம் சொல்கிறது. பக்கத்தில் உள்ள படத்தில் கோட்டு போட்டிருக்கிறார். கோட்டு முதலாளியுடையது. அணி என்பது எதிர் மேஜையில் உட்காரும் ஆஃப்ரீன் ஒருத்திதான். முடிவெடுப்பதைப் பொறுத்தவரை, மதியம் சாம்பார் சாதமா எலுமிச்சை சாதமா என்பதைக்கூட ஆஃப்ரீனைக் கேட்டு, பிறகு மந்தைவெளியில் இருக்கும் மனைவி ஜானுவுக்குப் போன் போட்டுக் கேட்டுத்தான் தீர்மானிப்பார். இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொன்னால் சந்தேகம் வந்து தயிர் சாதம் வாங்கிவிடுவார்.

மயிலாப்பூரில் பிறந்து, புள்ளியியல் படித்து, ஒரு டுடோரியலில் வெகுகாலம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். டுடோரியல் மூடிய பிறகு தேனாம்பேட்டையிலுள்ள இந்த அலுவலகத்துக்கு வந்தார். முதலாளி சிதம்பரநாதனுக்குத் தி.நகரில் ஜவுளிக்கடை, பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். பூட்டிக்கிடக்கும் ஃப்ளாட்டுகளை எடுத்து, வெளியூர்க்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விடுவது அவருடைய இரண்டாவது தொழில். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி.

வீடுகளைப் பற்றிய விவரங்களை வெளியே ஒரு சுற்றுலாத் தளத்துக்கு அனுப்ப வேண்டும். நம் பட்டியலில் உள்ள கட்டங்களை அவர்களுடைய கட்டங்களோடு ஜோடி சேர்ப்பதற்கு மேப்பிங் என்று பெயர். ஏறக்குறைய ஜாதகப் பொருத்தம். குளியலறை குளியலறையோடு சேர்ந்துவிட்டது. அவர்களுடைய 'படியில்லா நுழைவு' என்ற கட்டத்துக்கு மட்டும் நம் பக்கத்தில் வரன் இல்லை. காலியாக விட்டால் தளம் வீட்டையே ஏற்காது. சங்கரன் அண்ணாச்சியைக் கேட்டார்.

"லிஃப்டு இருக்குல்லா? பொறவு படி எதுக்கு?"

ஆஃப்ரீனும் தலையாட்டினாள். 'லிஃப்ட் உண்டு' என்ற கட்டத்தை அதோடு சேர்த்துவிட்டார் சங்கரன். கல்யாணம் முடிந்தது. புக்கிங் கொட்டியது.

ஆடித் தள்ளுபடி சமயம் ஒரு வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாடு செரித்துக்கொண்டிருந்த நேரத்தில் போன் வந்தது. வாணியம்பாடிக்காரரான நஸ்ருன்னிசா என்ற பெண்மணி பேசினார்.

"சார், உங்க மயிலாப்பூர் வீட்டு வாசல்ல நிக்கிறோம். எங்க வீட்டுக்காரரு சக்கர நாற்காலி. படியே கிடையாதுன்னு போட்டிருந்தீங்க. லிஃப்ட் கண்ணு முன்னாடி இருக்கு, கதவுகூட திறந்திருக்கு. ஆனா லிஃப்டுக்கு ஏறிப் போறதுக்கே இன்னொரு லிஃப்ட் வேணும் சார்."

பின்னால் ஓர் ஆண் குரல் கேட்டது. "விடு நஸ்ரு, கத்தாதே. நான் கார்லயே படுத்துக்கறேன்."

கணவர் வலியுல்லாவுக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தார்கள். நாற்காலியோடு தூக்கி, கை தவறினால் தையல் பிரிந்துவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தாராம்.

சங்கரன் போனை ஆஃப்ரீன் பக்கம் நீட்டினார். ஆஃப்ரீன் போனை வாங்கி, காரைத் தரமணிக்குத் திருப்பச் சொன்னாள். அங்கே புதிதாக எடுத்த வீட்டில் ராம்ப் இருந்தது. தன் ஸ்கூட்டியை அதில் ஏற்றியிருக்கிறாள்.

சங்கரன் வீட்டுக்குப் போன் போட்டார். "ஜானு, நம்மாத்து லிஃப்டுக்கு முன்னாடி படி இருக்கா?"

"ஏன்னா, உடம்பு கிடம்பு சரியில்லையா? குடி வந்த நாள்லேர்ந்து ஏறிண்டிருக்கேள்!"

"ஏறிண்டுதான் இருக்கேன். இருக்கான்னு கேட்டேன்."

"இருக்கு. மழைத் தண்ணி லிஃப்டுக்குள்ள போயிடும்னு பில்டர் தூக்கிக் கட்டினானே. நீங்கதானே ஃப்ளாட் மீட்டிங்ல எழுந்து, நல்ல யோசனைன்னு பாராட்டினேள்?"

நல்ல யோசனைதான். தண்ணீர் ஏற முடியாத இடத்துக்கு நாற்காலியும் ஏற முடியாது என்று அந்த மீட்டிங்கில் யாரும் சொல்லவில்லை. நடக்க முடிந்தவர்கள்தான் மீட்டிங்குக்கு வந்திருந்தார்கள்.

அடையாறு, பாலவாக்கம் என்று பட்டியலில் இருந்த மற்ற வீடுகளின் வாட்ச்மேன்களை எல்லாம் போனில் கூப்பிட்டார். "படியா? கீது நைனா, கொஞ்சூண்டு," என்றார் ஒருவர். "லிஃப்ட் சூப்பரா போய்க்கினு கீது. உனுக்கு இன்னா பிராப்ளம்?" மற்றவர்களும் ஏறக்குறைய அதையே சொன்னார்கள்.

ஆஃப்ரீன் திரையைத் திருப்பிக் காட்டினாள். "சார், நாளைக்கு இன்னும் ஒம்பது குடும்பம் வருது. எல்லாரும் அந்தக் கட்டத்தப் பாத்து புக் பண்ணவங்க. இதோ இவங்க நாகர்கோவில்லேர்ந்து ராத்திரி ரயில் ஏறுறாங்க."

தளம் மாற்றங்களை மாலை ஆறு மணி வரைதான் வாங்கும், விட்டால் திங்கட்கிழமை. அந்தத் திங்கட்கிழமைதான் 'அனைவருக்கும் ஏற்ற தங்குமிடம்' என்று தளத்தார் அண்ணாச்சிக்கு விருது கொடுப்பதாக இருந்தார்கள்.

அண்ணாச்சி கடைக் கூட்டத்தில் போனை எடுக்கவே இல்லை. ஆறு மணிக்குச் சற்று முன்புதான் கிடைத்தார்.

"அண்ணாச்சி, படி இல்லைன்னு போட்டது தப்பு. மாத்தணும்."

"எத்தன வீட்டுக்கு?"

"கிட்டத்தட்ட எல்லா வீட்டுக்கும்."

"நல்லா இருக்கே! மேடைக்குப் பேனர் அடிச்சாச்சு சார். செவ்வாக்கெழம மாத்துங்க, யாரு வேண்டாங்கா?"

"நாளைக்கு ஒம்பது குடும்பம் வராங்க அண்ணாச்சி. நடக்க முடியாதவங்க."

"நாலு பயலுவள அனுப்புதேன், தூக்கி விட்டுருவானுவ. ஒரு வார்த்த கேட்டுக்கிடுங்க. இன்னைக்கு மாத்துனியன்னா, திங்கக்கெழம நீங்க ஆபீசுக்கு வர வேண்டாம்."

"சரி அண்ணாச்சி," என்று போனை வைத்தார் சங்கரன். வயது ஐம்பத்து மூன்று. அந்த வயதுக்காரரைத் தேனாம்பேட்டையில் யாரும் புதிதாக வேலைக்கு எடுப்பதில்லை.

"சார், நான் வேணா அழுத்தறேன். என் தலைல போட்டுடுங்க," என்றாள் ஆஃப்ரீன். "எனக்கு வேற வேலை கிடைக்கும்."

"நீ முதல்ல லாக் அவுட் பண்ணு, உன் பேர் இதுல வரக்கூடாது. பண்ணிட்டியா? கீழ போய் டீ சாப்பிடு. நான் கூப்பிடற வரைக்கும் மேல வராதே."

அவள் போனாள், கதவு தானாகச் சாத்திக்கொண்டது. ஆறு மணிக்குள் சங்கரன், தரமணி வீட்டைத் தவிர மற்ற எல்லா வீடுகளுக்கும் படியில்லா நுழைவு 'இல்லை' என்று மாற்றித் தளத்துக்கு அனுப்பினார். பிறகு மறுநாள் வரவிருந்த ஒன்பது குடும்பங்களையும் ஒவ்வொன்றாகப் போனில் கூப்பிட்டு, தப்பு தன்னுடையது, லிஃப்டுக்கு முன்னால் படி இருக்கிறது, கிளம்ப வேண்டாம் என்று சொன்னார்.