என் மேல் வந்தது முனியப்பன் இல்லை

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஆடி மாதத்து மத்தியானம் ஒன்றில் நான் சாகக் கிடந்தேன். எங்கள் தெரு ஜனமெல்லாம் என் காலில் விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தது.

சொந்தங்களே, நானும் உங்களைப் போல முனியப்பனைக் கும்பிடுகிறவன்தான். பெயர் மாதேசன். இண்டூர்ப் பக்கம் மைக்செட் வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, திருவிழா, சாவு எதுவானாலும் முதலில் வருகிறவனும் கடைசியில் போகிறவனும் நான்தான். ஊர் நடுவில் வாய் ஓயாமல் பேசியவனுக்கு இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. படிக்கும்போது சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன், எல்லா இடத்திலும் இல்லை.

எங்கள் பக்கத்தில் மைக்செட்காரனுக்குக் கூலியோடு ஒரு பாட்டிலும் கொடுப்பது மரியாதை. கல்யாண வீட்டில் சந்தோஷம் என்று கொடுப்பார்கள். சாவு வீட்டில் கண் முழிக்க வேண்டுமே என்று கொடுப்பார்கள். ஊருக்கு வந்த நல்லது, கெட்டது இரண்டுக்கும் நான் பொறுப்பாகக் குடித்தேன். முதலில் வேலை முடிந்த பிறகு. அப்புறம் வேலைக்கு நடுவில். கடைசியில், காலையில் குடித்தால்தான் ஒயரைச் சொருகுகிற அளவுக்குக் கை நிற்கும் என்று ஆகிவிட்டது.

அந்த வருடம் வைகாசியில் ஒரு கல்யாணம். முகூர்த்த நேரம், மண்டபம் நிறைய ஜனம். முந்தின நாள் போன சாவு வீடு என் வாயிலேயே தங்கிவிட்டது போலிருக்கிறது. மைக்கைப் பிடித்து, "அன்னாரின் இறுதி ஊர்வலம் இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்" என்று கணீரென்று அறிவித்தேன். நாதஸ்வரம் பாதியில் நின்றது. பெண்ணின் அப்பா மேடையை விட்டு இறங்கி வந்தார். அடிப்பார் என்று கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மாதேசா, உன்னக் கும்பிடறம்ப்பா. வூட்டுக்குப் போயிரு."

அடித்திருந்தால் கோபத்தில் குடித்திருப்பேன். கும்பிட்டதால் அவமானத்தில் குடித்தேன்.

என் மனைவி அலமேலு அன்று சண்டை போடவில்லை. அவள் சண்டை போடாத நாளில்தான் எனக்குப் பயம். பள்ளிக்கூடம் திறந்த பிறகு ஒரு நாள் மெதுவாகச் சொன்னாள்.

"நீங்க மைக்ல சொன்னத பள்ளிக்கூடத்துல புள்ளைங்க நம்ம பாப்பாகிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிக்குதுங்களாம். முனியப்பன் கோயில்ல கயிறு கட்டிக்குங்க. அதுக்கும் நிக்கலைன்னா பாப்பாவக் கூட்டிக்கிட்டு அரூருக்கு எங்கம்மா வூட்டுக்குப் போயிருவேன். அப்புறம் கூப்பிட வராதீங்க."

ஆடி அமாவாசையன்று கோயிலுக்குப் போனேன். கயிறு கட்டுகிற வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். முனியப்பன் வேலுக்கு முன்னால் நின்று இனிமேல் தொடமாட்டேன் என்று சொன்னால், பூசாரி எலுமிச்சம்பழம் அறுத்துப் போட்டுவிட்டுக் கையில் மஞ்சள் கயிறு கட்டுவார். மீறிக் குடித்தால் சாமி சும்மா விடாது என்று பேச்சு. எனக்கு ஒரு சங்கடம் இருந்தது. எங்கள் முனியப்பனுக்குக் கிடா வெட்டும்போது சுருட்டும் பாட்டிலும் சேர்த்துத்தான் படைப்போம். பாட்டில் வாங்கிக்கொள்கிற சாமியிடமே குடியை நிறுத்தச் சொல்லி நிற்பது ஒரு மாதிரியாக இருந்தது. ஆனாலும் அழுதேன். "சாமி, என்னால ஆவல. நீங்களே ஏதாச்சும் பண்ணுங்க" என்றேன். மைக் இல்லாமல் நான் பேசியது குறைவு. உண்மையாகப் பேசியது அதைவிடக் குறைவு. அன்று இரண்டும் சேர்ந்து வந்தன.

சாமிக்குக் கொடுத்த வாக்கு என்று அன்றோடு ஒரேயடியாக நிறுத்தினேன். மறுநாள் வேர்த்தது. சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. மூன்றாம் நாள் சுவரெல்லாம் எறும்பு ஊர்ந்தது. ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளிருந்து யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். உடம்பு மொத்தமும் உதறியது. வாசலுக்கு ஓடி வந்து விழுந்தேன். அதற்குப் பிறகு நடந்தது அலமேலு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பக்கத்து வீட்டு அத்தைதான் முதலில் கத்தியிருக்கிறார். "சாமி வந்திருச்சு. கயிறு கட்டுன மூணாம் நாளே முனியப்பன் வந்திருச்சு."

தெரு கூடிவிட்டது. குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். எத்தனையோ திருவிழாவில் "சாமி வந்தவங்க ஓரமா ஆடுங்க, ஒயர மிதிக்காதீங்க" என்று மைக்கில் சொன்னவன் நான். இப்போது நடுத்தெருவில் ஆடிக்கொண்டிருந்தேன்.

"மழ எப்பங்க சாமி வரும்? சொல்லுங்க சாமி" என்று அத்தை கேட்டாராம்.

நான் கண்ணை உருட்டிக்கொண்டு, "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ" என்றேனாம்.

"மூணு நாள்ல மழைங்கிறாரு" என்று கூட்டத்தில் ஒருவர் விளக்கம் சொன்னாராம். சொன்னபடி மழையும் பெய்ததாம். அந்தப் பெருமை எனக்கு வேண்டாம்.

அலமேலு மட்டும் காலில் விழவில்லை. கற்பூரத் தட்டோடு கதவோரம் நின்று வேண்டியிருக்கிறாள். "சாமி, இது நீங்களா இருந்தா இறங்கிப் போயிருங்க. அவரு ஒடம்பு தாங்காது. நீங்க இல்லைன்னா யாரையாச்சும் அனுப்புங்க."

அந்த நேரத்தில்தான் பூசாரி வந்தார். புதிதாக ஒருவன் மேல் சாமி வந்திருக்கிறது என்று ஊரார் ஆள் விட்டு அழைத்திருந்தார்கள். வந்தவர் கும்பிடவில்லை. குனிந்து என் கண்ணைப் பார்த்தார். நெற்றியைத் தொட்டார்.

"இத்தன வருசமா எம்மேல வர்ற சாமி. அது வந்தா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். இது முனியப்பன் இல்ல, குடி. எந்தம்பியும் திடீர்னு நிறுத்திட்டு இப்படித்தான் ஆடுனான். நாங்களும் கும்புட்டுக்கிட்டே நின்னோம். கண்ணு முன்னாடியே போயிட்டான். தண்ணி ஊத்தறத வுடுங்க. வண்டிய எடுங்க."

"பூசாரி, சாமி குத்தம் ஆயிரப் போவுது" என்றார் அத்தை.

"ஆச்சுன்னா எம்மேல ஆவட்டும். நீ அவங்காலப் புடி."

அலமேலுவின் தம்பி கோவிந்தன் என்னோடு மைக்செட் வேலைக்கு வருகிறவன். அவன்தான் என் டெம்போவை எடுத்தான். மேலே குழாய் ஸ்பீக்கரைக்கூடக் கழற்றவில்லை. பின்னால் அலமேலு மடியில் என் தலை. முன் சீட்டில் மடியில் விபூதித் தட்டோடு பூசாரி. தர்மபுரி போய்ச் சேருவதற்குள் எனக்கு வலிப்பு வந்து பல்லைக் கடித்துக்கொண்டேனாம். பெரிய ஆஸ்பத்திரி வாசலில், சாமி ஊர்வலம் வழி தவறி வந்துவிட்டது என்று செக்யூரிட்டி நினைத்தாராம்.

அங்கே என் கையைக் கட்டிலோடு கட்டி ஊசி போட்டார்கள். குளுக்கோஸ் ஏற்ற மஞ்சள் கயிற்றை அறுக்க வேண்டும் என்று நர்ஸ் சொல்ல, அலமேலு அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். "அந்தக் கைய வுட்டுருங்கம்மா. இந்தக் கையில ஏத்துங்க." அவரும் அப்படியே செய்தார். எனக்கு நினைவு திரும்பியபோது ஒரு கையில் ஊசி, இன்னொரு கையில் கயிறு. இரண்டும் என்னைப் பிடித்துக்கொண்டிருந்தன.

டாக்டரம்மாவிடம் அலமேலு தயங்கித் தயங்கிக் கேட்டாள். "கயிறு கட்டுனது தப்புங்களா?"

"நிறுத்தணும்னு நெனச்சது தப்பே இல்லம்மா. இவ்ளோ நாள் குடிச்ச ஒடம்பு திடீர்னு நிறுத்துனா தாங்காது. உயிரே போயிரும். கயிறு கட்டுங்க. கட்டிட்டு நேரா இங்க வாங்க. மாத்திரையோட நிறுத்தலாம்."

அலமேலு என்னைப் பார்த்தாள். "யாரையாச்சும் அனுப்புங்கன்னு கேட்டேன். ரெண்டு பேர அனுப்பிட்டாரு" என்றாள்.

இதோடு என் குடி நின்றிருந்தால் நல்ல சாட்சியாக இருந்திருக்கும். ஆனால் குடியை விடுவது என்றால் என்ன என்று எனக்கு அப்போதும் புரியவில்லை. முன்பு ஐயப்பனுக்கு மாலை போட்ட காலங்களில் குடிக்காமல் இருந்தவன்தான் நான். மலை இறங்கி மாலையைக் கழற்றிய அன்றே தொடங்கிவிடுவேன். அது நிறுத்தம் இல்லை, இடைவேளை. இந்தத் தடவையும் மாத்திரை முடிந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

அடுத்த வருடம் மாங்காய் சீசனில் ஒரு சாவு வீடு. பழைய மரியாதையாகப் பாட்டில் வந்தது. சாமிக்குத் தெரிய வேண்டாம் என்று கயிற்றைக் கழற்றி ஸ்பீக்கர் பெட்டி மேல் பத்திரமாக வைத்துவிட்டுக் குடித்தேன். நான்தான். புத்தியுள்ளவன்.

மறுநாள் வந்தது பயம். கயிற்றைக் கழற்றிக் குடித்தாகிவிட்டது, இனி சாமி விடாது, எப்படியும் அடி விழப்போகிறது, அப்புறம் குடித்தால் என்ன, குடிக்காவிட்டால் என்ன என்று தோன்றியது. நம்மில் எத்தனையோ பேர் இந்த நினைப்பில்தான் மறுபடி விழுந்து எழாமல் போகிறார்கள். கோயில் இருக்கிற பாதையை விட்டுச் சுற்றிக்கொண்டு போனேன். அலமேலு துணியை எடுத்து மடித்தாள். அரூர்தான் என்று நினைத்தேன். மடித்த துணியைப் பையில் போட்டு என் கையில் கொடுத்து, என்னைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். பை ஆஸ்பத்திரிக்கு என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

"சாமி கோவமா இருக்காருங்களா?" என்று பூசாரியிடம் கேட்டேன்.

"கோவமா இருந்தா எங்கிட்ட சொல்லியிருப்பாரு. ஒன்னும் சொல்லல. போன தடவ முத்துன பொறவு ஆஸ்பத்திரி போன. இந்தத் தடவ இன்னைக்கே போ. வந்தா வேற கயிறு கட்டலாம். கயிறு நெறையா வச்சிருக்கேன்."

போனேன். வந்தேன். கட்டிக்கொண்டேன். தர்மபுரியில் குடியை விட்டவர்கள் வாரம் ஒரு தடவை கூடுகிறார்கள். ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். அங்கே போகிறேன். ஒரு வாரம் அதியமான்கோட்டையிலிருந்து வந்த ஒருவர் தன் கதையைச் சொன்னார். முக்கால்வாசி என் கதை. நானாவது சிரிக்க வைத்துவிட்டுக் குடித்தேன், அவர் சும்மாவே குடித்தாராம். வேலைக்குப் போகும்போது ஒரு தூக்கு மோர் எடுத்துப்போகிறேன். பாட்டிலை நீட்டுகிறவர்களிடம் தூக்கை நீட்டுகிறேன். நேற்று குடிக்காததற்காக இன்று எனக்கு யாரும் சலுகை தருவதில்லை. இன்றைக்கு இன்றைக்கான வேண்டுதல், அவ்வளவுதான். அலமேலு இப்போது நன்றாகச் சண்டை போடுகிறாள். வீடு வீடாக இருக்கிறது.

போன ஆடியில் வேண்டுதல் கிடா வெட்டினோம். கோவிந்தன் வழக்கப்படி சாமிக்குப் பாட்டில் வாங்கி வந்து வேலுக்குக் கீழே வைத்தான். பூசை முடிந்தது. படைத்ததைப் பங்கு வைக்கிற நேரம். அவன் அதை எடுத்து என்னிடம் கொண்டுவந்தான். அவனிடம் கெட்ட எண்ணம் இல்லை. என்னை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனவனே அவன்தான்.

"மாமா, இது குடி இல்ல, பிரசாதம். வேண்டுதல் உங்களுது. வேணாம்னா சாமிக்கு ஆகாது. ஒரே ஒரு மூடி."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தை, பூசாரி, அலமேலு, பாப்பா. பிரசாதத்தை எப்படி வேண்டாம் என்பது? வாயில் எச்சில் ஊறியது, அதையும் சொல்லிவிடுகிறேன். மனதுக்குள், "சாமி, என்னால ஆவல" என்றேன், முதல் நாள் சொன்ன மாதிரியே. அப்போதுதான் அந்தப் பாட்டிலைச் சரியாகப் பார்த்தேன். இத்தனை வருடமும் முனியப்பன் காலடியில் பாட்டில் வைத்திருக்கிறோம். அவர் ஒரு நாளும் திறந்ததில்லை. எடுத்துத் திறந்ததெல்லாம் நாங்கள்தான்.

பாட்டிலை வாங்கி வேலுக்குக் கீழேயே திரும்ப வைத்தேன். மைக்கை எடுத்தேன்.

"ஓர் அறிவிப்பு. கோவிந்தன் கொண்டுவந்த பாட்டில் சாமிக்கு வைத்தது. சாமி இன்னும் மூடியைத் திறக்கவில்லை. அவர் குடித்து முடித்து மீதி இருந்தால் சொல்லி அனுப்புவார். அதுவரை எல்லோரும் சாப்பிட உட்காரவும்."

கோவிந்தன்தான் முதலில் சிரித்தான். பூசாரி சிரிக்கவில்லை. வேலின் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டுவிட்டு இலை போடப் போனார். பாப்பா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தது. பள்ளிக்கூடத்துத் தோழிகள் இரண்டு பேரையும் கையோடு இழுத்து வந்திருந்தது. "எங்கப்பா" என்று மட்டும் அவர்களிடம் சொன்னது.

சொந்தங்களே, உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கலாம். அவர் நீங்களாகவே இருக்கலாம். வேண்டுங்கள், முனியப்பன் கேட்பார். கயிறு கட்டிக்கொள்ளுங்கள். அறுந்தால் பயப்படாமல் திரும்பப் போங்கள், பூசாரியிடம் கயிறு நிறைய இருக்கிறது. ஆனால் நிறுத்தியவர் நடுங்கினால் காலில் விழாதீர்கள். கையைப் பிடித்துத் தூக்குங்கள். வண்டியை எடுங்கள். சாமி அந்த வண்டியின் முன் சீட்டில் உட்கார்ந்து கூடவே வருவார். நான் படுத்துக்கொண்டு போனவன், எனக்குத் தெரியும்.