மதிப்பீட்டில் ஒரு வரி

பாலாற்றங்கரைக் கோயில் ஒன்றைப் பழுதுபார்க்க அரசு நிதி கேட்டு எங்கள் அலுவலகம் அனுப்பிய மனுக்களையெல்லாம் தட்டச்சு செய்தவள் நான்தான். செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ் பிடித்து வரும் ஒப்பந்த ஊழியை. வருடக்கணக்கில் பதிலே இல்லை. திடீரென்று நிதி வந்தது, மார்ச் முடிவதற்குள் செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும் என்ற நிபந்தனையோடு. அலுவலகமே காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு ஓடியது.

அந்தக் கோயிலின் அடிச்சுவரில் ஒரு கல்வெட்டு உண்டு. யாரோ ஒரு பெண், அணையாமல் விளக்கு எரிய ஆடுகள் கொடுத்த சேதி. முழுதாகப் படிக்க எனக்குத் தெரியாது. 'விளக்கு' என்ற ஒரு சொல் இருக்கும் இடம் மட்டும் தெரியும். போகும்போதெல்லாம் அதை விரலால் தடவிவிட்டு வருவேன். எல்லாருக்கும் சாமி உள்ளே, எனக்கு வெளியே.

வேலைக்கான செலவு மதிப்பீட்டை ஒரே நாளில் கேட்டார்கள். எங்கள் அலுவலகம் முன்பு ஓர் இரும்புப் பாலத்துக்குப் போட்ட மதிப்பீட்டைக் கணினியில் திறந்து, 'பாலம்' என்று வந்த இடத்திலெல்லாம் 'கோயில்' என்று மாற்றினேன். அதில் ஒரு வரி: 'மணல் வீச்சு முறையில் சுத்தம் செய்தல்.' துரு போவதற்காக மணலைக் காற்றோடு பீய்ச்சி அடிப்பது அது. சுத்தம்தானே, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கையெழுத்துப் போட்டவர்களும் படிக்கவில்லை.

வேலை முடிந்ததும் பார்க்கப் போனேன். சுவர் வெளுத்துக் கிடந்தது. மேஸ்திரிக்கு ஒரே பெருமை.

"மூணு நாளா அட்ச்சிக்கினே இருந்தோம்மா. ஒரு கறை இல்ல, எப்டி சுத்தமா இருக்குது பாருங்க!"

'விளக்கு' இருந்த இடத்தைக் குனிந்து தடவினேன். விரலில் எதுவும் தட்டுப்படவில்லை.

"சுத்தம்!" என்றேன்.

பாராட்டுகிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார். அவர் மேல் என்ன தப்பு? தாளில் இருந்ததைச் செய்தார்.

முடிவறிக்கையில் எல்லாவற்றையும் எழுதினேன். கல்வெட்டு அழிந்துவிட்டது, அந்த வரி என் கவனக்குறைவால் வந்தது என்று. அதிகாரி பொறுமையாகப் படித்தார். கோபப்படக்கூட இல்லை.

"இத எடுத்துடும்மா. இப்டி எழுதி அனுப்புனா அடுத்த கோயிலுக்கு நிதி வராது. ரிப்போர்ட் சுத்தமா இருக்கட்டும்."

எடுத்துவிட்டேன். அடுத்த கோயிலுக்காக என்று பஸ்ஸில் வீடு வரும்வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். என் வேலைக்காகத்தான் எடுத்தேன்.